ருசி பார்க்காதவரின் சாமைப் பொங்கல்

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பூங்கா வாசலில், காலை ஆறரை மணிக்கு, பாக்குமட்டைக் கிண்ணத்தில் வாங்கிய சாமைப் பொங்கலின் முதல் வாயிலேயே என் கடைவாய்ப்பல் ஒரு கல்லைக் கடித்தது. நறுக்கென்று மண்டை வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. இவ்வளவு மோசமாகச் செய்தே இருபது பேரை வரிசையில் நிறுத்த முடிகிறது என்றால், ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும்?

பொங்கல் என்று பெயர்தான். கரண்டியை நட்டால் அப்படியே நின்றது. மிளகு ஒரு மூலையில் கூட்டமாகக் கிடந்தது, உப்பு இன்னொரு மூலையில். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். மாரியம்மன் கோயிலில் வேப்பிலைச் சாறு வாங்கிக் குடிப்பவர்களின் முகம். கசந்தால்தான் பலன் என்ற முடிவோடு கண்ணை மூடி விழுங்கினார்கள். ஒருவர்கூட இன்னொரு கரண்டி கேட்கவில்லை. மறுநாளும் எல்லோரும் வந்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் நின்றவரை ‘சிறுதானிய சார்’ என்று கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைக் கதர்ச் சட்டை, கரை வேட்டி, தினமும் வெட்டிச் சீராக்கிய மீசை. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் கடைசித் தம்பி. அண்ணன்மார் எதற்காக அவரைக் கடையிலிருந்து விலக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஓர் ஊகம் உண்டு, பின்னால் உங்களுக்கும் வரும். இருபத்தைந்து வருடம் சேலை விரித்த கை. ஹாட்பாக்ஸ் மூடியைத் திறப்பதிலேயே அது தெரியும். சட்டென்று திறக்க மாட்டார். மூடியைக் கொஞ்சம் தூக்கி, ஆவியை முதலில் விட்டு, பிறகு முழுதாக ஒரு வீச்சில் திறந்து, வந்தவர் முகத்தைப் பார்ப்பார். முந்தானையைக் காட்டுகிற நேரம் அது. அடுத்து இரண்டு விரலால் ஒரு சிட்டிகைப் பொங்கலை எடுத்து நசுக்கி, “பிடிச்சுப் பாருங்க, எப்படி இருக்கு பாத்தீயளா” என்பார். பிடித்துப் பார்ப்பதற்குப் பொங்கல் என்ன காஞ்சிப்பட்டா? ஆனால் பிடித்துப் பார்த்தார்கள். நானே ஒருநாள் பிடித்துப் பார்த்தேன்.

அந்தத் திருநெல்வேலிப் பேச்சும் கடைச்சரக்குதான். பிறந்தது படித்தது எல்லாம் கோடம்பாக்கம். வீட்டிலிருந்து போன் வந்தால் சாதாரண மெட்ராஸ் தமிழில் முணுமுணுப்பார், வைத்தவுடன் மேஜைக்கு வந்து “சொல்லுங்க தாயி” என்பார்.

வெள்ளை அரிசி என்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கண்ணி என்பது அவருடைய முதல் பாடம். நடைக்கு வரும் மயிலாப்பூர் மாமா ஒருவர், வாயில் பொங்கலோடு, “ஏன்டாப்பா, அதுக்கு முன்னாடி நெல்லே கெடையாதோ? பாட்டெல்லாம் பாடி வச்சிருக்காளே” என்று கேட்டார். சார் அசரவில்லை.

“இருந்துச்சு மாமா. ராசா மட்டும்தான் தின்னான். இப்ப எங்க அந்த ராசா?”

மாமா வீட்டுக்கென்று இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படித்தான். அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று யாரும் எடை போடவில்லை, சொன்ன வேகத்தை எடை போட்டார்கள். எனக்கு எரிந்தது. நான் எம்.எஸ்ஸி. உணவறிவியல் முடித்து, இரண்டு வேலைகளை விட்டு, மூன்றாவதைத் தேடாமல் இருந்த சமயம். பத்து விதச் சிறுதானியத்தைப் பத்து டப்பாவில் வைத்துக்கொண்டு வீட்டில் பரிசோதனை செய்து, அம்மா என்னைச் சமையலறையிலிருந்து துரத்தியிருந்தாள். அவரிடம் நேராகப் போய், சார், இந்தச் சாமையை அரிக்கவே இல்லை, கல் இருக்கிறது, பருப்பு போதாது, தண்ணீர் போதாது என்று நாலு குற்றம் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். வெட்கம் என்பது அவரிடம் கையிருப்பே இல்லாத சரக்கு.

“உனக்குச் சமைக்கத் தெரியுமா தாயி? நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு.”

போனேன். இதில் அவரை மட்டும் இளக்காரமாகப் பேச எனக்கு உரிமை இல்லை. எனக்கு வேண்டியது ஓர் அடுப்பும் ஒரு கூட்டமும். இரண்டும் அவரிடம் இருந்தன.

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் கார் ஷெட்தான் சமையலறை. அவர் சமைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு டம்ளர் சாமைக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, மூன்று டம்ளர் தண்ணீர், நாலு விசில். உப்பைத் தராசில் நிறுத்துப் போடுவார். சாமையைக் கழுவுவது கிடையாது, கடைக்காரன் சுத்தம் செய்துதான் தருகிறானாம். குக்கரைத் திறந்தால் கரண்டியை விட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, சமைக்கிற எவரும்? அதை அவர் செய்யவே இல்லை. அன்று செய்யவில்லை, மறுநாளும் செய்யவில்லை. ஒரு வாரம் கவனித்தேன். தான் செய்த பொங்கலில் ஒரு பருக்கைகூட அவர் வாய்க்குள் போகவில்லை.

கேட்டேன். சாமிக்கு நைவேத்தியம் செய்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள், அந்த மாதிரி ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பதில் வேறு.

“சேலை விக்கிறவன் கட்டியா பாக்கான்?”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அதற்குமேல் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

காலை எட்டரைக்கு மேஜையை மடித்ததும் அவர் எங்கே போகிறார் என்பதும் சீக்கிரம் தெரிந்தது. குளத்தங்கரைச் சந்து ஒன்றில் இருக்கும் மெஸ்ஸில் நாலு இட்லி, ஒரு வடை, டிகிரி காபி. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிறுதானியம் தனக்குச் சூடு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். ஊருக்கெல்லாம் ஒத்துக்கொள்ளும், அவருக்கு மட்டும் சூடு.

ஒருமுறை செல்போனில் வீடியோ போடுகிற சேனல்காரர்கள் படம் எடுக்க வந்தார்கள். சார் கரண்டி நிறையப் பொங்கலை எடுத்து, ஊதி, வாய்க்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்தி, “இது சோறு இல்ல, ஆயுசு” என்றார். போதும் சார் என்று படம் எடுத்தவர் சொன்னதும் கரண்டிப் பொங்கலை அப்படியே ஹாட்பாக்ஸுக்குள் தட்டினார். அடுத்து நின்றவருக்கு அதிலிருந்துதான் பரிமாறினார்.

இதற்கு நடுவில் நான் என் வேலையைச் செய்தேன், பெருமையாகவே செய்தேன். சாமையை இரண்டு பாத்திரத்தில் தண்ணீரோடு மாற்றி மாற்றிச் சாய்த்து அரித்தேன். கல் அடியில் தங்கியது. பருப்பை வறுத்தேன். மிளகைப் பாதி உடைத்துப் போட்டேன். இஞ்சியை நெய்யில் காட்டினேன். மணம் வந்தது, நடைக்காரர்கள் நின்று மூச்சு இழுத்தார்கள். ஒன்றுதான் பிடிகொடுக்கவில்லை. அடுப்பிலிருந்து இறக்கும்போது குழைவாக இருக்கும் சாமை, ஹாட்பாக்ஸில் முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். வெந்நீர் விட்டால் கட்டி கட்டியாகப் பிரியும். நெய்யை ஏற்றினால் மேலே மிதக்கும். அரிசிக்கு இருக்கிற பசை இதற்கு இல்லை.

அரிசிக்கு இருக்கிற பசை. சொன்னவள் நான்தான். ஒரு படி சாமைக்கு ஒரு பிடி பச்சரிசி நொய் போட்டால் பதம் நிற்கும் சார், வெளியே பலகையில் எழுதிவிடலாம் என்றேன். அவர் வாசலில் நின்ற கார் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதம் உன் வேலை தாயி. பேச்சு என் வேலை.”

மறுநாள் பொங்கல் வெண்ணெயாக வழிந்தது. முதல் தடவையாக ஜனங்கள் இரண்டாம் கரண்டி கேட்டார்கள். ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று. ஒரு மாதத்தில் பாதிக்குப் பாதி. மேஜைக்கு இந்தப் பக்கம் ‘அரிசி ஒரு நஞ்சு’ என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் நான் அரிசிப் பொங்கலைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு உறுத்தவில்லை. அவர்தான் அதைச் சாப்பிடவே இல்லையே. ருசி பார்க்காதவருக்குத் தான் விற்பது என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே வராது. எனக்குத் தெரியும். எனக்கு அப்போது கூட்டம் இனித்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாய் உண்டு. மீர்சாகிப்பேட்டையில் மூன்று தலைமுறையாக நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற குடும்பம். அறுபது தாண்டியவர், நகக்கண்ணில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். பத்து வருடமாகச் சர்க்கரை. அவர் மட்டும்தான் என்னைப் பார்த்து, “இன்னா பாப்பா, இன்னிக்கு ஜோரா கீதே” என்று தினமும் ஒரு வார்த்தை சொல்லுவார். சாரிடம் அவருக்கு அப்படியொரு பக்தி. சார் அவருக்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தார். மாத்திரை வாடகை வீடு, சாமை சொந்த வீடு. வாடகை வீட்டிலேயே எத்தனை நாள் இருப்பீங்க பாய்? மூணு மாசம் நம்ம பொங்கல், அப்புறம் காலை மாத்திரையைத் தூக்கிப் போடுங்க.

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சாமையும் மாவுச்சத்துதான், மருந்தில்லை, மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று மூன்று வாக்கியம் சொல்லியிருக்கலாம். படித்த படிப்புக்கு அது முதல் வருடப் பாடம். கரண்டி கையில் இருந்தது, வரிசை நீளமாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும் தாண்டிய பிறகு, பத்து நாள் பாய் வரவில்லை. வந்தபோது நடந்து வரவில்லை, மருமகன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினான். சட்டை தொளதொளவென்று இருந்தது. கையில் ரத்தச் சர்க்கரை பார்த்த லேப் காகிதம். சார் வழக்கம்போல மூடியைத் தூக்கி ஆவியை விட்டார். பாய் ஹாட்பாக்ஸைப் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீ ஆக்குற புள்ள. நீ சொல்லு. இதுல அரிசி கீதா?”

சார் எனக்கு முன்னால் பதில் சொன்னார். ஒரு அரிசி கிடையாது, மணிக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்வது, எங்க அம்மா மேல சத்தியம் என்றார். விரலில் பொங்கலை எடுத்து நசுக்கி நீட்டினார். “பிடிச்சுப் பாருங்க பாய்.”

வரிசையில் இருந்தவர்கள் நகரவில்லை. நான் சொல்லாவிட்டால் பாய் நம்பியிருப்பார். நம்பவே வந்திருந்தார். ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை என்னிடம் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இருக்கிறவர்களிடம் காட்டுவதற்குத்தான் வந்திருந்தார். அது அவர் கண்ணில் தெரிந்தது.

“பாதி அரிசி பாய்,” என்றேன். “நான்தான் போட்டேன்.”

மயிலாப்பூர் மாமா கையிலிருந்த கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். பாய் லேப் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். புத்தகத்தாள் மடிக்கிற கை, ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது.

“ஆறு மாசமா எங்க ஊட்ல அரிசி துன்றவங்கள திட்டிக்கினு கீறேன் பாப்பா. பேரப்புள்ளைங்க தட்டைக்கூட தள்ளி வச்சேன்.” பிறகுதான் சார் பக்கம் திரும்பினார். “டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா சார்? அரிசியா சாமையாங்கறது அப்பால, மாத்திரைய எவன் நிறுத்த சொன்னான்னாரு. நான் உன் பேரை சொல்லல. கூச்சமா இருந்துச்சு. நீ ஒரே ஒரு வாய் துன்னு. நான் பாக்கணும்.”

சார் சேலை வசனத்தை ஆரம்பித்தார். சிரிக்க ஆளில்லை. இத்தனை பேர் எதிரில், முதல் தடவையாக, ஒரு கரண்டியை எடுத்து வாயில் போட்டார்.

மென்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானம் வரும், கொஞ்சமாவது வரும், கண் கீழே போகும் என்று காத்திருந்தேன். கண் விரிந்தது. இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று, முழுதாகச் சாப்பிட்டார்.

“நல்லாத்தானே இருக்கு,” என்றார். “இதுக்கா இவ்வளவு பேச்சு?”

நான் அவரை வெறுத்தது அந்த நிமிடத்தில்தான். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் இளக்காரம். ஏமாற்றுகிறவனுக்கு ஏமாற்றுகிறோம் என்று உள்ளே ஒரு மூலையில் தெரிந்திருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இவருக்கு அந்த மூலையே இல்லை. துணி சாயம் போகும் என்று தெரியாது, நூல் விட்டுப்போகும் என்று தெரியாது, வாங்கிப் போனவள் அழுதாளா என்று தெரியாது. கடையின் வெளிச்சத்தில் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் அவருக்கு உலகம். அண்ணன்மார் அவரை ஏன் விலக்கினார்கள் என்ற என் ஊகம் இதுதான்.

நான் ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. அந்த நொய் என் யோசனை. மாத்திரையைப் பற்றி வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான்தான்.

சார் ஒரு வாரம் கடை போடவில்லை. அடுத்த வாரம் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போட்டார். போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். புதிய பலகை, ‘அரிசியும் சாமையும் கூடிய சமச்சீர்ப் பொங்கல், முன்னோர் அளவு’. அளவு என்னுடையது, முன்னோர் என்பது நான். இப்போது அவரே எல்லோருக்கும் முன்னால் ஒரு கிண்ணம் சாப்பிட்டுக் காட்டுகிறாராம். கூட்டம் பூங்காவில் வந்ததைவிட அதிகமாம். மயிலாப்பூர் மாமாகூட ஆட்டோ பிடித்துப் போகிறார். இதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பாயைப் பார்க்க நான் நாலு மாதம் கழித்துத்தான் போனேன். அவர் மாத்திரைக்குத் திரும்பியிருந்தார், உடம்பு தேறியிருந்தது. பைண்டிங் பட்டறையில் தையல் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லாம் குளறியது. வரகில் ஏதோ செய்து பார்க்கிறேன், அரிசி இல்லாமல், கொண்டுவந்து தரட்டுமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. “வெளிய ஆக்கினு வந்து குடுக்கறதெல்லாம் வேணாம் பாப்பா. எங்க ஊட்டு அடுப்புல ஆக்கு. எங்க ஊட்டம்மா பக்கத்துல நிக்கும். இஷ்டம்னா வா.”

இஷ்டம்தான். வரும் ஞாயிறு காலை. அவர்கள் வீட்டில் ஞாயிறு நாஷ்டாவுக்குக் கிச்சடி வழக்கம், அரிசியும் மசூர்பருப்பும் உதிரி உதிரியாக, மஞ்சள் நிறத்தில், பக்கத்தில் புளியும் எள்ளும் அரைத்துக் கரைத்த கட்டா. அந்த அரிசி இருக்கிற இடத்தில் வரகு. பொங்கலாகக் குழைக்கப் பார்த்ததுதான் என் பிழை என்று இப்போது தோன்றுகிறது. பசை இல்லாத தானியத்திடம் போய்ப் பசை கேட்டேன். உதிரியாக வேண்டிய பண்டத்துக்கு வரகு சரியாக வரலாம். வராமலும் போகலாம். பாய் வீட்டம்மாவிடம் போனில் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அந்தம்மா பாதியில் நிறுத்தினார். வரகு மூட்டையை நீ பிரிக்காதே, நான் பிரிக்கிறேன் என்றார். காலை மாத்திரையைத் தன் கையால் கொடுத்த பிறகுதான் அடுப்பையே பற்றவைக்க விடுவாராம். பிறகு சொன்னார்:

“களியா போச்சுன்னா களின்னு சொல்லி வை பாப்பா. கிச்சடின்னு சொல்லாத. துன்றதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம்.”

ஒரு டம்ளர் வரகு, கால் மணி ஊறல், வடித்துத் துணியில் உலர்த்தல். அரை டம்ளர் மசூர்பருப்பு. தண்ணீர் இரண்டே கால் டம்ளர். நோட்டில் இரண்டரை என்று எழுதியிருந்ததை இப்போதுதான் அடித்துத் திருத்தினேன். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.